புகார் கொடுத்த மாணவியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இணைப் பேராசிரியை,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: மாணவர்களிடையே நிகழும் பாலியல் அத்துமீறல் புகார்களைக் கல்லூரிகள் விதிப்படி விசாரிக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கலைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவள் நான். கடைசி மூன்று ஆண்டுகள் பாலியல் அத்துமீறல் புகார்களை விசாரிக்க அங்குள்ள உள்ளகப் புகார்க் குழுவிலும் உறுப்பினராக இருந்தேன். மாணவிகள் அதை 'விசாகா கமிட்டி' என்பார்கள். அப்படியொன்று இருப்பதை அறிந்த சிலர் மட்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் படத்தை ஆபாசமாக மாற்றி, அவளுடைய வகுப்பு மாணவன் ஒருவன் வாட்ஸ்அப் குழுவில் பரப்பினான். அவள் துறைத் தலைவரிடம் போய் அழுதாள். "உனக்கும் அவனுக்கும் ஏதாவது பழக்கமா?" என்பதுதான் துறைத் தலைவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளுடைய அப்பா வந்து இறங்கினார். பையன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். விஷயம் அத்தோடு முடிந்ததாகச் சொன்னார்கள். அடுத்த நாள் அவன் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் வரவில்லை. அந்த மாதமே மாற்றுச் சான்றிதழை வாங்கிப் போய்விட்டார்கள்.

எங்கள் குழுவுக்கு இந்தப் புகார் வரவே இல்லை. ஆண்டறிக்கையில் 'புகார் ஏதுமில்லை' என்று எழுதி நீட்டினார்கள். நடந்தது அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தும் நான் கையெழுத்திட்டேன். இந்த மனுவை எழுத வைப்பது அந்தக் கையெழுத்துதான்.

விதிகளில் குறையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, விவகாரம் மாணவர்களைப் பற்றியதானால் இளங்கலை, முதுகலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவர்கள் புகார்க் குழுவில் இருக்க வேண்டும். துறைத் தலைவர்கள் இருக்கவே கூடாது. விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தாமாகக் கேட்டால் மட்டுமே சமரசம். அதிலும் பணப் பேச்சுக்கு இடமில்லை. மாணவர்களில் ஆண்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்பதையும் அந்த விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. எங்கள் குழுவிலோ தேர்தலும் நடக்கவில்லை, மாணவர் ஒருவரும் இல்லை. பெயர்ப் பலகை மட்டும் முதல்வர் அறை வாசலில் பளபளவென்று இருந்தது.

2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், நான் கேட்ட பேச்செல்லாம் மதில் சுவரையும் கேமராவையும் சுற்றியே இருந்தது. அந்த வழக்கில் குற்றவாளி வெளியாள். 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. ஆனால் வகுப்பில் பக்கத்து வரிசையில் இருப்பவனை எந்த மதில் தடுக்கும்? அதே வழக்கில் முதல் தகவல் அறிக்கை கசிந்து மாணவியின் விவரங்கள் வெளியே போயின; அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. "என் பெயர் வெளியே வருமா, மேடம்?" என்று மாணவிகள் கேட்கும்போது, வராது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நான் முதலில் கேட்பது இதுதான்: பதினெட்டு வயது நிறைந்த மாணவியின் சம்மதமின்றி வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று தங்கள் துறை எழுத்துபூர்வமாக ஆணையிட வேண்டும். 'அப்பாவைக் கூட்டி வா' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே பலர் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் படிப்பு நிற்கும், சில வீடுகளில் கல்யாணப் பேச்சு தொடங்கும். துறைத் தலைவரோ விடுதிக் காப்பாளரோ யார் காதில் புகார் விழுந்தாலும், அதைத் தாமே 'பேசி முடிக்காமல்' உடனே குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

விசாரணை முடியும்வரை யாராவது வகுப்பு மாற வேண்டுமென்றால் அது புகாருக்கு உள்ளானவராக இருக்கட்டும். புகார்தாரரையோ எதிர்த்தரப்பையோ மாற்றலாம் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் மாறுவது எப்போதும் அவள்தான். புகார் தர மூன்று மாதக் கெடு இருப்பதையும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்பதையும் முதலாண்டு மாணவர்களுக்குச் சேர்க்கையின்போதே தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

இன்னொன்று. ஆண்டுதோறும் 'புகார் ஏதுமில்லை' என்று அனுப்பும் கல்லூரிகளைப் பாராட்டாமல், அங்கே ஓர் அலுவலரை அனுப்பி மாணவர்களிடம் நேரில் பேசச் சொல்லுங்கள்.

வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் குழுக்களுக்கான மாணவர் தேர்தலை நடத்தி முடிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து விவரம் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: நான் கையெழுத்திட்ட ஆண்டறிக்கையின் நகல் – 1 (கல்லூரியின் பெயர் மறைக்கப்பட்டுள்ளது)