துண்டுக்கு அடியில் எத்தனை விரல்?

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளை துரைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவும் முடிந்துவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது நம் கேசட் பெட்டி அகப்பட்டது. பாதிக்குப் பூஞ்சணம். 'ஹவ் டு நேம் இட்?' மட்டும் கல்லுப்போல இருக்கிறது. 1986-இல் வெளிவந்ததும் ஈரோட்டுக்குப் போய் வாங்கினோமே, அதேதான். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் என்பவருக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய ஆல்பம். அக்கா மகன் கல்லூரி மலரில் இசை விமர்சனம் எழுதுகிறான். முழுவதும் கேட்டுவிட்டு, "மூன்றரை நட்சத்திரம் கொடுக்கலாம் மாமா" என்றான். அந்த அரை நட்சத்திரத்தை எந்தப் பாட்டில் வெட்டினாய் என்று கேட்டேன். விழித்தான்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி நானும் விமர்சகன் ஆகிவிட்டேன். நட்சத்திரம் கிடையாது. மஞ்சள்தான் முதல் அளவுகோல். விரலி மஞ்சளை ஏலத்தில் ஒடித்துப் பார்ப்பார்களே, நன்றாகக் காய்ந்தது வெண்கலம் தட்டியதுபோலச் சத்தத்தோடு ஒடியும், ஈரம் இருந்தால் வளையும். அப்படித்தான் நானும் பாட்டை முதலிலிருந்து கேட்பதில்லை. டேப்பை ஓட்டி எங்கேயாவது நிறுத்தி, அங்கிருந்து பத்து விநாடி. முன்னிசை போட்ட மயக்கமெல்லாம் அங்கே உதவிக்கு வராது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பாட்டை மூன்று இடத்தில் ஒடித்தேன். மூன்றிலும் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் கணீரென்றது. நாம் உருகி உருகிக் கேட்ட சில காதல் பாட்டுக் கேசட்டுகள் வளைந்துவிட்டன. பெயர் எழுதினால் நீ சண்டைக்கு வருவாய்.

பஸ் முறை நீ கண்டுபிடித்ததுதான். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரைமணி. கோபியில் ஏறினால் கவுந்தப்பாடிவரை ஒரு பக்கம், சித்தோடுவரை மறுபக்கம். கவுந்தப்பாடி தாண்டியதே தெரியாவிட்டால் ஆல்பம் தேறியது. தூங்கிப்போனாலும் தேறிவிடும் என்பதுதான் இதில் ஓட்டை. வீட்டில் அவளுடைய அளவுகோலில் ஓட்டையே இல்லை. அரிசிம்பருப்பு அடிப்பிடித்தால் நல்ல கேசட். போன வாரம் இரண்டு நாள் கருகல் வாசத்தோடு சாப்பிட்டேன்.

வெளிநாட்டிலும் நம்மைப் போன்ற கிறுக்கர்கள் உண்டு மாப்பிள்ளை. அமெரிக்காவில் ராபர்ட் கிறிஸ்ட்கௌ என்பவர் 1969 முதல் ஆல்பங்களுக்கு வாத்தியார்போல ஏ, பி, சி என்று போட்டுக்கொண்டு வந்தார். பிற்பாடு, ஒன்றிரண்டு பாட்டு மட்டும் தேறுகிற ஆல்பத்துக்குக் கத்தரிக்கோல் படம், உருப்படாததற்கு வெடிகுண்டுப் படம். கத்தரிக்கோல் எனக்குப் பிடித்திருக்கிறது. ரெக்கார்டிங் கடையில் நாம் பாட்டுப் பாட்டாகப் பொறுக்கிப் பட்டியல் கொடுத்தது வேறென்ன? 2006-இல் பிட்ச்ஃபோர்க் இணைய இதழ், ஜெட் என்ற ஆஸ்திரேலியக் குழுவின் ஆல்பத்துக்கு ஒரு வார்த்தைகூட எழுதாமல், சிம்பன்சி ஒன்று தன் சிறுநீரைத் தானே குடிக்கும் வீடியோவைப் போட்டுப் பூஜ்யம் கொடுத்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் அது சோம்பேறித்தனமாகத் தோன்றியது. எந்த ஆல்பத்துக்கும் அதே வீடியோவைப் போட்டுவிடலாமே! கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய கச்சேரி விமர்சனங்களிலும் கிண்டல் உண்டு. கூடவே காதும் இருந்தது.

இவ்வளவும் எழுதியது கடைசி முறையைச் சொல்லத்தான். உங்கள் அப்பாரு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் தரகுக்கு நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆல்பத்துக்கும் அதுதான் சரி. இருவரும் ஒரே நேரத்தில், அடுத்தவருடைய இடக்கை விரல்களை வலக்கையால் பிடிக்க வேண்டும். உச்சம் ஐந்து விரல். நம் காலத்தில் என்ன நடந்தது? முதல் பாட்டு முடிவதற்குள் நீ "பிரமாதம்" என்பாய், நான் தலையாட்டுவேன். இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்தது எது, உனக்குப் பிடித்ததால் எனக்கும் பிடித்தது எது என்று பிரிக்க முடியவில்லை.

அக்கா மகனோடு சோதித்துப் பார்த்தேன். மூன்றரை சொன்ன பையன் துண்டுக்கு அடியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான்.

"அப்புறம் ஏன்டா மூன்றரை?"

"அதற்கு மேல் கொடுத்தால் கிழவன் என்று சிரிப்பார்கள் மாமா."

இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' கேசட் உன்னிடம்தான் இருக்கிறது. 1988-இல் அது வந்த புதிதில், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை ஒருமுறை கேட்டுவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிப்போனாய். தை நோம்பிக்கு வரும்போது எடுத்து வா. எப்படி இருந்தது என்று அதற்குள் கடிதத்தில் எழுதித் தொலைத்துவிடாதே. சென்னிமலைத் துண்டு ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் மாப்பிள்ளை,
சாமியப்பன்