செவலைக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தொழுவத்தில் கோமாரி, அதாவது மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் தொற்றுநோய், வந்து போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பசு செவலை எழுந்து மேய்கிறாள். மற்ற மாடுகளுக்கு நோய் ஒட்டவில்லை. இதற்குக் காரணமானவர்களின் பேரைப் போடவில்லை. போட்டால் மாட்டு டாக்டர் அம்மாவுக்குக் கோபம் வரும்.

முதல் நன்றி பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவுக்கு. அன்று காலை செவலை தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால் பாதிக்கும் கீழே. கடைவாயில் நூல்நூலாக எச்சில் வழிந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆத்தாதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "மாடு சப்புக் கொட்டுகிறதே, காலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தால், பின்னங்காலை உதறிக்கொண்டு நிற்கிறாள்.

டாக்டர் அம்மா வந்து வெப்பமானி வைத்தார், 105 டிகிரி. நாக்கை வெளியே இழுத்துக் காட்டினார். கொப்புளம் உடைந்து மேல்தோல் உரிந்திருந்தது. குளம்புப் பிளவிலும் அதே கொப்புளம். காலில் மட்டும் புண் என்றால் குளம்பு அழுகலாக இருக்கலாம், வாயிலும் காலிலும் சேர்ந்து, காய்ச்சலோடு வந்தால் முதலில் கோமாரியைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார். காம்புகளையும் தடவிப் பார்த்தார். எங்களுக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றை அடுத்துச் செய்தார்: கன்றைப் பிரித்துக் கட்டச் சொன்னார். இளங்கன்றுகளில் கிருமி இதயத்தையே தாக்குமாம்; வாயில் புண் தெரியும் முன்பே கன்று விழுந்து செத்துவிடுமாம். அந்தக் கன்று இப்போது வாலைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றுகிறது.

சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் மாட்டுக்கு ஒரு ஊசி என்று மாற்றி மாற்றித் தடுப்பூசி போட்ட கால்நடை ஆய்வாளர் சாருக்கு நன்றி. ஊறவைத்த சீரகம், வெந்தயம், மிளகோடு மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்துக் கொடுத்த மேலத்தெரு அக்காவுக்கு நன்றி. அந்த விழுதைச் செவலையின் நாக்கில் தடவத் தடவத்தான் அவள் கஞ்சியை நக்கவே தொடங்கினாள். அக்காவின் அம்மிக்கும் ஒரு கும்பிடு!

பால் சங்கத்துச் செயலாளர் அண்ணன் எங்கள் பாலைப் பொதுக்கேனில் ஊற்ற விடவில்லை. அப்போது கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் தீவன மூட்டையைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து, தொழுவத்தை நெருங்காமல் வாசலில் இறக்கி, சலவைச் சோடாத் தண்ணீரில் செருப்பையும் சக்கரத்தையும் கழுவிவிட்டுப் போனவரும் அவரேதான்.

செவலைக்குப் பழைய பால் இன்னும் திரும்பவில்லை. வெயிலில் மூச்சு வாங்குகிறாள். நோய் போனாலும் இந்த மூச்சு வாங்கல் சில மாடுகளுக்குத் தங்கிவிடும் என்று டாக்டர் அம்மா முன்பே சொல்லிவைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கொரு முறை சங்கத்து வாசலில் போடுகிற தடுப்பூசி முகாமுக்கு மாடு பிடிக்க ஆள் வேண்டுமென்றால் என்னையும் என் தம்பியையும் கூப்பிடுங்கள். முட்டுகிற மாடுகளை எங்களிடமே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
செவலை வீட்டுக்காரன்