வீட்டில் வைத்துவிட்டு வர முடியாதது

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி முடிவானதும் முதல் ஆளாக எனக்குச் சொல்லிவிடு. இங்கே லீவு வாங்குவது ஒரு கல்யாணத்தை நடத்துவதைவிடப் பெரிய பாடு. அண்ணனைக் கேட்டதாகச் சொல். வேளச்சேரியில் மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்தின்மேல் காரை ஏற்றி நிறுத்த எங்கள் தெருக்காரர்கள் இந்த வருஷமும் முந்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

உன் நர்சிங் மாணவிகளுக்கு முதல் வகுப்பிலேயே, "உணர்ச்சியை எல்லாம் வீட்டுல வெச்சுட்டு டியூட்டிக்கு வாங்க" என்று சொல்வதாக எழுதியிருந்தாய். நமக்கும் அப்படித்தானே சொல்லி அனுப்பினார்கள். கோபித்துக்கொள்ளாதே, நான் இப்போது அந்தக் கட்சியில் இல்லை.

போன மாதம் விடியற்காலையில் ஐசியூவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். நெஞ்சை அழுத்தி அழுத்தி சிபிஆர் செய்து கை ஓய்ந்துபோயிருந்த நர்ஸ் பெண்தான் டியூபையும் லைனையும் எடுத்தாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். வெளியே அழுதுகொண்டிருந்த மகனிடம் கையெழுத்து வாங்கினாள். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய், "தாத்தா, ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். கோமதி, அந்தச் சிரிப்பு ஊசி போடுவதைவிடக் கஷ்டமான வேலை. விமானப் பணிப்பெண்களைக் கவனித்து ஆர்லி ஹோக்ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983-லேயே இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்துவிட்டார். நம் ஊர் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காருவதற்கே 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஸ்டூல் வந்தது, நல்லது. வந்தவர்கள் அத்தனை புடவையையும் விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகும்போதும் முகம் கோணாமல் நிற்கிறாளே, அது எந்தக் கணக்கில் வருகிறது?

ஆக, எந்த நிர்வாகமும் நம்மை உணர்ச்சியில்லாமல் வரச் சொல்வதில்லை. சிரிப்பையும் பொறுமையையும் கொண்டுவா, பயத்தையும் துக்கத்தையும் விட்டுவிட்டு வா என்கிறது. அவ்வளவுதான். அதிலும் கோபத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அது பெரியவர்களுக்கு உண்டு. எங்களிடம் கன்சல்டன்ட்டாக ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார், கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிகிற ரகம். அவர் ரவுண்ட்ஸ் வந்தால் சின்னப் பெண்களுக்குத் திடீரென்று லினன் அறையில் வேலை முளைத்துவிடும். அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். அவருடைய நோயாளிக்கு நடு ராத்திரியில் பிபி இறங்கினால் என்ன ஆகும்? "இப்ப போன் பண்ணினா கத்துவார் சிஸ்டர், இன்னொரு தடவை பார்த்துட்டு பண்ணலாம்." அந்த இன்னொரு தடவை, அதற்கப்புறம் இன்னொரு தடவை என்று பொழுது விடிந்துவிடும். அவர் கோபத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் பார்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி 1996-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒற்றுமையாக வேலை பார்க்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்கினார். பதிவான கணக்கோ தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் எண்ணிக்கை கூடுதல்! தோண்டிப் பார்த்ததில், அங்கே தவறு அதிகம் நடந்ததாகத் தெரியவில்லை. அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் வாயைத் திறக்கவில்லை. இங்கேயோ மாதக் கடைசி மீட்டிங்கில் எந்த வார்டில் நடந்த தவறுகளை எழுதிக் கொடுக்கும் இன்சிடென்ட் ரிப்போர்ட் அதிகமோ அந்த வார்டு சிஸ்டருக்குத்தான் மண்டகப்படி. ஒன்றுமே எழுதாத வார்டுக்குக் கைதட்டல். எனக்கு அந்தக் கைதட்டல் கிடைத்தால் அன்றைக்குத் தூக்கம் வராது.

குழு ஒற்றுமைக்காக எங்களை ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பேப்பர் கப்பை அடுக்கினோம், பலூன் உடைத்தோம். நைட் டியூட்டி முடித்து வந்தவர்கள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டார்கள். அன்றைக்கு உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

நான் வார்டில் செய்திருப்பது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. ஒரு உயிர் போனால், பக்கத்தில் நின்ற சிஸ்டர் பேன்ட்ரியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும். அதுவரை அவள் நோயாளிகளை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். அழுதாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, யாரும் கேட்கக் கூடாது. இரண்டாவது, ராத்திரி ஷிப்ட் பகல் ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் காலை ஹேண்டோவர் முடியும்போது நான் ஒன்று கேட்பேன்: "யாரையாவது பார்த்தா மனசுக்குச் சரியா படலையா?" பிபி, பல்ஸ், யூரின் அளவு எல்லாம் ஷீட்டில் இருக்கும். இது மட்டும் இருக்காது. முதலில் சிரித்தார்கள். இப்போது, "ஏழாம் படுக்கை அம்மா நேத்து மாதிரி பேசல சிஸ்டர்" என்று வருகிறது. இது பாட்டி வைத்தியம் இல்லையடி. சிட்னியில் லிவர்பூல் மருத்துவமனையில் 1990-ல் தொடங்கிய, நிலை மோசமாகிற நோயாளியிடம் உடனே ஓடிவரும் அவசர மருத்துவக் குழு முறை பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அந்த முறையில், 'இந்த நோயாளியைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது' என்பதே குழுவைக் கூப்பிடப் போதுமான காரணம். நர்ஸின் கவலைக்கும் நாடித்துடிப்புக்கு நிகரான மரியாதை. அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னால் எப்படி?

அதற்காக எல்லாவற்றையும் கொட்டலாம் என்று சொல்லவில்லை. மாமியார் சண்டையை ஷிப்ட் முழுக்கச் சொல்லிச் சொல்லி மற்றவர்களைக் களைக்க வைக்கிற ஒருத்தியும் எங்களிடம் இருக்கிறாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அடங்கவில்லை. பார்க்கலாம்.

உன் மாணவிகள் இரண்டு பேர் இங்கே இன்டர்வியூவுக்கு வரப்போவதாக எழுதியிருந்தாயே, பயோடேட்டாவை அனுப்பி வை. ராத்திரி வந்து இறங்கினால் என் வீட்டிலேயே தங்கட்டும். நான் கேட்கப்போகிற கேள்வியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், தயார் செய்து அனுப்பு: சீனியர் டாக்டர் எழுதின இன்சுலின் டோஸ் தப்பு என்று தோன்றுகிறது, அவரோ லிப்டில் ஏறப்போகிறார். அவரிடம் என்ன சொல்வாய்? "மரியாதையா எடுத்துச் சொல்வேன் மேடம்" என்ற பதில் எனக்கு வேண்டாம். சொல்லப்போகிற வாக்கியத்தை அப்படியே, சத்தமாகச் சொல்லிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
மல்லிகா