பிரேக் வேலை பார்க்கும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் பட்டறை நடத்துபவர்களுக்கும், அங்கே வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

பிரேக் வேலை முடிந்து வண்டி வெளியே வரும்போது பில்லில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: "பிரேக் பேட் மாற்றியது." டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பழைய பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருந்தது, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று ஒரு விவரமும் இருப்பதில்லை. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் முடிவு செய்வதை விடுங்கள். அளந்து பாருங்கள். அளந்ததை எழுதி வண்டிக்காரர் கையில் கொடுங்கள்.

பேடிலிருந்தே தொடங்கலாம். சக்கரத்தைக் கழற்றாமல் ரிம் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிவது வெளிப் பேட் மட்டும். பெரும்பாலான கார்களின் முன்சக்கரத்தில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிபர், அதாவது இரண்டு பேடுகளையும் பிடித்திருக்கும் கவ்வி. பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிபர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப் பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும். பின் இறுகிவிட்டால் காலிபர் நகராது. பாரம் முழுவதும் உள் பேடின் தலையில் விழும். வெளியே 7 மி.மீ. தெம்பாக இருக்க, உள்ளே 2 மி.மீ. மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பப்பட்ட வண்டி இப்படித்தான் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டு திரும்பி வருகிறது.

புதிய பேடில் உராயும் பொருள் ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்து ஏமாற வேண்டாம். கழற்றிய பேடே காரணத்தைச் சொல்லும். ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் ஒரு பின் மட்டும் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்து, பின்களும் சுகமாக நகர்ந்தால் பிஸ்டன் திரும்பவில்லை என்று பொருள். பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டுள்ள ஒற்றை ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புவதுதான். தூசி புகாமல் மூடும் ரப்பரான டஸ்ட் பூட் கிழிந்து பிஸ்டனில் துருப்புள்ளி விழுந்துவிட்டால் அந்தச் சீலால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே புதிய பேட் போட்டு அனுப்புவது காசைக் கரைப்பதுதான்.

பின்களுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். வெளியே இழுத்து, காய்ந்து பழுப்பு மெழுகாகிப் போன பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸை மெல்லிதாகப் பூசுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பர் பூட்டை ஊத வைத்து, பின்னைத் திரும்பவும் இறுக்கிவிடும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல; ஒன்றில் ரப்பர் உறை இருந்தால் எது எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள். காலிபரை, பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஒரு கம்பி போட்டுச் சுருள் ஸ்பிரிங்கில் மாட்டுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஏர் எடுக்கும் நிப்பிளில் குழாயை மாட்டி, நிப்பிளைத் திறந்துகொண்டு தள்ளுவது நல்லது. அழுக்கு ஆயில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் திரும்பிப் போகாது. ஹேண்ட் பிரேக் சேர்ந்தே இருக்கும் பின் காலிபர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். சி-கிளாம்ப் வைத்து நெரித்தால் உள்ளே இருக்கும் மரை போய்விடும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது டிஸ்க். குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் படியுங்கள். தேயாமல் நிற்கும் விளிம்பில் வெர்னியர் வைத்தால் புதிய டிஸ்க்கின் அளவுதான் வரும்; மைக்ரோமீட்டரால் பேட் உராயும் பரப்பில், சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். லேத்தில் கொடுத்துக் கடைவதானால், கடைந்த பிறகும் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்குமா என்று முன்பே கணக்குப் போடுங்கள்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று வரும் வண்டிக்கு "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்ற பதில் தயாராக இருக்கிறது. பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. சுற்றில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் தடிமன் 0.02 மி.மீ. வேறுபட்டாலே பல வண்டிகளில் பெடலில் துடிப்பு தெரியும். அந்த வேறுபாடு வருவதற்கு முக்கியமான காரணம், டிஸ்க் உட்காரும் சக்கர மையமான ஹப்பின் முகத்தில் இருக்கும் துரு. துருச் செதில் ஒன்றின் மேல் புதிய டிஸ்க்கை உட்கார வைத்தால், ஹப் பக்கம் தெரியாத சாய்வு விளிம்பில் பெரிதாகும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆட்டம் வரும். புது டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். ஆகவே ஹப்பை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். டிஸ்க்கை மாட்டி நட்டுகளை இறுக்கி, விளிம்பிலிருந்து ஏறக்குறைய 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றி, டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பல கார்களுக்கு எல்லை 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள் இருக்கும், சரியான அளவு அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உண்டு.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசியில் இம்பாக்ட் கன்னால் ஒரு நட்டை வெறியோடும் இன்னொன்றை அரைகுறையாகவும் இறுக்கினால் அதே சாய்வு வேறு வழியில் வந்துவிடும். இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் எடுத்து, எதிரெதிராக, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள்.

பிரேக் ஆயில் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பெயரே கெடுதல் செய்கிறது, ஏனென்றால் அது ஆயில் இல்லை. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் எது கலந்தாலும், பெடல் மிதித்தால் அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் காலிபர் வரை ரப்பர் எல்லாம் ஊதிப் போகலாம். டாட் 4 என்ற தரத்து பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள், 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்தத் தாங்கும் எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் காலிபர் சூடேறி உள்ளே ஆவிக்குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. எனவே கையேடு வேறு சொல்லாதவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். திறந்து வைத்த பாதி டப்பாவை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

டேங்கில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புவதும் தவறு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து திரவம் கீழே இறங்குகிறது. அந்தக் குறைவு ஒரு செய்தி. பேடும் நன்றாக இருந்து திரவமும் குறைந்தால் கசிவைத் தேடுங்கள். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பழைய வண்டியின் பெடலைத் தரை வரை மிதிக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு இருக்கும். அங்கே போய்த் திரும்பும் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

பல கார்களின் பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் இருக்கும் டிரம்முக்கும் இதே மரியாதை வேண்டும். அதன் உள்ளே ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் சிலிண்டர் போய்விட்டது. திரவம் ஊறிய ஷூவைக் கழுவிப் போடாதீர்கள், அந்த ஆக்ஸிலின் இரு பக்கமும் மாற்றுங்கள். தூசியை ஏர் கன்னால் ஊதவே வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைச் சுவாசிப்பது நீங்களும் உங்கள் பையன்களும்தான். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

வேலை முடிந்ததும், வண்டியை ஓர் அடிகூட நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டுக் கிடக்கிறது. முதல் மிதியில் பிரேக் இருக்காது. வண்டி பட்டறை வாசலிலேயே சுவரில் மோதுவதற்கு இது ஒன்றே போதும். பிறகு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்துமுறை மிதமாகப் பிடித்துப் பேடையும் டிஸ்க்கையும் பழக்குங்கள்.

பில்லின் பின்புறத்தில் நான்கு சக்கரங்களுக்கும் கட்டம் போட்டு, உள் பேட், வெளிப் பேட், டிஸ்க் தடிமன் அல்லது டிரம் விட்டம், திரவம் மாற்றிய தேதி, நட்டுகளை இறுக்கிய அளவு என்று எழுதுங்கள். கழற்றிய பேடுகளைப் புதியவை வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, எந்தச் சக்கரம், உள்ளா வெளியா என்று பேனாவால் குறித்து, வண்டிச் சாவியோடு கொடுங்கள்.