கதிரை இடப்பக்கமும் ஓடவிடுங்கள்

கணிதப் பாடநூல் எழுதுவோருக்கு,

வணக்கம். ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே திசையில் முடிவின்றி நீளும் கோடுதான் வடிவியலில் கதிர். அதற்குப் பெயரிட நீங்கள் தரும் விதியில் பிழையில்லை: தொடக்கப்புள்ளியின் எழுத்து முதலில், கதிர் கடந்து செல்லும் ஏதேனும் ஒரு புள்ளியின் எழுத்து அடுத்து. என் மனக்குறை படங்களைப் பற்றியது. பெரும்பாலும் அவற்றில் ஏ இடப்பக்கம், பி வலப்பக்கம். இடமிருந்து வலமாக வாசித்தாலே விடை கிடைத்துவிடுவதால் தொடக்கப்புள்ளியை யாரும் தேடுவதில்லை. தேர்வில் இடப்பக்கம் ஓடும் கதிர் வந்தால் 'பிஏ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஏபி' விழுகிறது, மதிப்பெண் போகிறது. பெயரின் மேல் இடும் அம்புக்குறி, கதிர் எப்பக்கம் போனாலும் வலம் நோக்கியே இருக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

கோணத்தில் குழப்பம் இன்னும் கூடுகிறது. கோணம் ஏபிசி என்றால் முனை பி, நடுவில் நிற்கிறது. அதன் கரங்களோ பிஏ, பிசி. இரண்டிலும் பி முன்னால் வந்துவிடுகிறது. பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

உதாரணத்துக்குச் சூரியக் கதிரையே நாடுகிறீர்கள். அது சுவரில் பட்டால் நின்றுவிடும். வடிவியல் கதிர் நிற்காது. இயற்பியலில் 'கதிர்' என்பது பல வேளைகளில் பழக்கத்தால் நிலைத்த பெயர். வெற்றிடக் குழாயின் எதிர்மின்வாயிலிருந்து கிளம்பும் கேதோடு கதிர்கள் மின்னூட்டமுள்ள துகள்களே என்று 1897-இல் இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் காட்டிய பிறகும் பெயர் மாறவில்லை. ரூதர்ஃபோர்டு பெயரிட்ட ஆல்ஃபாக் கதிர் ஹீலியம் அணுக்கருக்களின் ஓட்டம். இவற்றையெல்லாம் பெட்டிச் செய்தியாகத் தாருங்கள், வரையறைக்குள் கலக்காதீர்கள். வயலில் விளையும் கதிரை மட்டும் தயவுசெய்து இழுக்க வேண்டாம். அதற்கு இரு முனையும் உண்டு.

அடுத்த பதிப்பில் இப்படியொரு பயிற்சி சேர்க்க முடியுமா? ஒரு கோட்டின் மேல் ஏ, பி, சி என்ற வரிசையில் மூன்று புள்ளிகள். ஈரெழுத்துப் பெயர்கள் ஆறு எழுதலாம். ஆனால் ஏபியும் ஏசியும் ஒரே கதிர். சிபியும் சிஏயும் அப்படியே. பிஏ, பிசி இரண்டும் எதிரெதிர்க் கதிர்கள். ஆக, ஆறு பெயர்களுக்குக் கதிர்கள் நான்குதான். கூடவே, ஏபி, பிஏ என்ற கதிர்களுக்குப் பொதுவான பகுதி எது என்றும் கேளுங்கள். கோட்டுத்துண்டு என்ற விடையை மாணவர்களே வரைந்து கண்டுபிடிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்