ஒரே முன்பதிவுக்கு இரண்டு முறை பணம்: உங்கள் செயலியின் டைம்-அவுட் பிழை பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கூடுதலாக எடுத்த தொகையைத் திருப்பித் தருவதும், செயலியைத் திருத்துவதும் தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் செயலியில் ஒரு முன்பதிவுக்குப் பணம் கட்டினேன். என் வங்கிக் கணக்கிலிருந்து அதே தொகை இரண்டு தடவை போயிருக்கிறது. இரண்டு பதிவு எண்களையும் உங்கள் செயலியே இப்போது "என் முன்பதிவுகள்" பக்கத்தில் காட்டுகிறது. அதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் அதோடு இந்தப் புகார் தீர்ந்துவிடாது. இதே நிலை நாளைக்கு இன்னொருவருக்கும் வரும்.

"பணம் செலுத்து" பட்டனைத் தட்டியபோது வைஃபை எட்டும் இடத்திலிருந்து வெளியே நடந்துகொண்டிருந்தேன். திரையின் மேலே வைஃபை குறி அப்படியே இருந்தது, டேட்டா மட்டும் நகரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "பரிவர்த்தனை தோல்வி. மீண்டும் முயலவும்" என்று வந்தது, கீழே பெரிதாக ஒரு பட்டனோடு. நீங்கள் சொன்னபடியே தட்டினேன். "வெற்றி" என்று வந்தது. பின்னாலேயே வங்கியிடமிருந்து இரண்டு குறுஞ்செய்திகள்.

உதவி மையத்தில் கேட்டால், "உங்கள் நெட்வொர்க் சரியில்லை" என்கிறார்கள். இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. கைபேசியை எல்லாரும் நடந்துகொண்டேதான் பயன்படுத்துகிறோம், சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதைச் சமாளிப்பது செயலியின் பொறுப்பு.

நானும் செயலி எழுதும் வேலையில் இருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சர்வரோடு (உங்கள் பக்கத்துக் கணினியோடு) இணைப்பே கிடைக்காமல் டைம்-அவுட் ஆனால், அதாவது குறித்த நேரம் காத்திருந்து செயலி கைவிட்டால், கோரிக்கை போகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இணைப்பு கிடைத்து, கோரிக்கையை அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கும்போது டைம்-அவுட் ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. சர்வர் வேலையை முடித்திருக்கலாம், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். செயலி கைவிட்டதாலேயே சர்வரும் வேலையை நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. இந்த இரண்டு நிலைக்கும் உங்கள் செயலி "தோல்வி" என்ற ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது. தனக்கே தெரியாத ஒன்றை உறுதியாகச் சொல்லி, வாடிக்கையாளரை மறுபடி பணம் கட்ட வைக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் ஆண்ட்ராய்டு செயலி 10 விநாடியில் கைவிடுகிறது, ஐபோனிலோ ஒரு நிமிடம் சுற்றுகிறது. ஆண்ட்ராய்டு செயலிகள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ஓகேஹெச்டிடிபி (OkHttp) என்ற நிரல் நூலகத்தில் யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் காத்திருப்பு நேரம் 10 விநாடி, ஐபோனில் அதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் யூஆர்எல்செஷனில் (URLSession) 60 விநாடி. பணம் கட்டும் திரைக்கு எவ்வளவு நேரம் பொருத்தம் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு வழி புதிதல்ல. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 (RFC 9110) என்ற இணையத் தர ஆவணம், செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி (HTTP) முறையில் புட் (PUT), டெலீட் (DELETE) போன்ற கோரிக்கை வகைகளை மறுபடி அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான் என்கிறது. பணம் கட்டுவது போன்றவற்றுக்கு வழக்கமாகப் பயன்படும் போஸ்ட் (POST) வகைக்கு அந்த உத்தரவாதம் இல்லை, அதனால் அதைத் தானாகத் திரும்ப அனுப்பக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. அதனால்தான் பணம் கட்டும் கோரிக்கையோடு ஐடெம்பொட்டன்சி கீ (idempotency key), அதாவது அந்தக் கட்டணத்தை அடையாளம் காட்டும் தனிக் குறியீடு ஒன்றை அனுப்புகிறார்கள். அதே கீ இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காது, முதல் பதிலையே திருப்பித் தரும். ஒன்றை உங்கள் டெவலப்பர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்: பட்டனை ஒவ்வொரு முறை தட்டும்போதும் புதுக் கீ உருவாக்கினால் பயனே இல்லை. முன்பதிவு தொடங்கும்போதே ஒரு கீ உருவாக்கி கைபேசியிலேயே சேமிக்க வேண்டும். நடுவில் செயலி மூடிக்கொண்டாலும் திறந்ததும் அதே கீயோடு நிலவரம் கேட்க வேண்டும். அதுவரை திரையில் "பணம் சென்றதா என்று சரிபார்க்கிறோம், மீண்டும் செலுத்த வேண்டாம்" என்று காட்டினால் போதும்.

கூடுதல் தொகையைத் திருப்பும் தேதியையும், இந்தத் திருத்தத்தை எந்தப் பதிப்பில் கொண்டுவருவீர்கள் என்பதையும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதுவரை பணம் கட்டும் திரையில் "மீண்டும் முயலவும்" பட்டனை நிறுத்தி வையுங்கள். வங்கிக் குறுஞ்செய்திகளின் படங்களையும் இரண்டு பதிவு எண்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்