ஐஸ் காசு

முடக்கி வைத்திருந்த என் வங்கிக் கணக்கை முந்தாநாள்தான் திறந்துவிட்டார்கள். போனில் பணம் போகிறது, வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு படபடப்பு இன்னும் இருக்கிறது. அது அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஏன் முடங்கியது, அந்தப் பதினொரு நாளும் எங்கெங்கே அலைந்தேன் என்பதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதை விடுங்கள். டிஜிட்டல் பணத்தைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறவளுக்கே இந்தக் கதியா என்று சிரித்தவர்களுக்கும் சேர்த்தே நன்றி. சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

முதல் நன்றி கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் ஆயாவுக்கு. பேர் போடக் கூடாது என்று உத்தரவு. “வட்டிக்காரன் படிச்சான்னா அதுக்கொரு கணக்கு கேப்பான்.” எட்டு மாதமாக அவருக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிமேல் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறேன். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்றதும் கையிலிருந்ததை என்ன செய்தார், அதே வருஷம் வந்த யுபிஐ அவர் கூடைக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆனது, எல்லாம் கேட்டிருக்கிறேன். சலிக்காமல் சொல்வார்.

இப்போது தராசுக்குப் பக்கத்தில் ஸ்கேன் அட்டை நிற்கிறது. ஆனால் கணக்கு மகனுடையது. கூடவே பேசுகிற பெட்டி ஒன்று. நூறு ரூபாய் விழுந்தால் நாலு கூடை தாண்டிக் கேட்கும். வட்டி வசூலிக்க வரும் தண்டல்காரருக்கும் கேட்கும். அதனால் அவர் வருகிற நேரமாகப் பார்த்து அந்தப் பெட்டிமேல் ஈரச் சாக்கு ஒன்று விழுந்துவிடும். (இந்த ஒரு குறிப்புக்கே எனக்குப் பட்டம் தரலாம் என்பது என் கட்சி.)

ரொக்கம் மட்டும் அவருடையது. இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட மூன்று கட்டு: ஏலக் காசு, தண்டல் காசு, ஐஸ் காசு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பணத்தை எதற்கென்று ஒதுக்கி ஒதுக்கி மனிதர்கள் வேறு வேறு பணமாக்கிவிடுகிறார்கள் என்று விவியானா ஸெலிஸர் என்ற சமூகவியலாளர் சொல்லியிருப்பதை நான் அந்தப் பைக்குள்தான் கண்ணால் பார்த்தேன். ஐஸ் காசில் கை வைத்தால் மறுநாள் வியாபாரம் போச்சு; பத்து மணி வெயிலுக்கே மத்தி வயிறு உடைந்துவிடும். ‘எந்த நெருக்கடியிலும் ஐஸ் காசை அவர் தொடுவதில்லை’ என்று என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அடித்துச் சொல்லியிருந்தேன்.

முடங்கிய மூன்றாம் நாள். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம், அதனால் கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கவலையில்லை. அங்கிருந்து புதுச்சேரிக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமே. பையைத் துழாவினால் ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் ஒரு சேப்டி பின்னும். யாரிடமும் சொல்லவில்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆயா ஒன்றும் கேட்கவில்லை. செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பையை உருவினார். மஞ்சள் ரப்பர் பேண்டைக் கழற்றினார். மஞ்சள்தான் ஐஸ். இரண்டு நூறு ரூபாய் நோட்டு.

“ஊட்டுக்குப் போ பாப்பா. மூஞ்சி வாடிக் கெடக்குது.”

“ஆயா, இது ஐஸ் காசு.”

“எனக்குத் தெரியாதா?”

மறுநாள் ஐஸுக்குப் பக்கத்துக் கூடை அக்காவிடம் கைமாற்று வாங்கினாராம். அந்த அக்கா எதற்கென்று கேட்கவே இல்லையாம். இதெல்லாம் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான், அதுவும் வேறொருவர் வாய் வழியாகத் தெரியும்.

மனுவை மூன்று தடவை திருத்தி எழுதித் தந்த வக்கீல் அண்ணன், பதினொரு நாளும் சாப்பாடு போட்டு நோட்டில்கூடக் குறிக்காத முத்தியால்பேட்டை மெஸ் அக்கா, ‘ஆராய்ச்சி அப்புறம், முதலில் தூங்கு’ என்று அதட்டிய நெறியாளர், ராத்திரியெல்லாம் போனில் பேச்சுக் கொடுத்த தோழிகள் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மெஸ்ஸுக்கு நிஜமாகவே.

போன் உறைக்குள் இனி எப்போதும் இரண்டு நூறு ரூபாய் இருக்கும். மூன்றாம் இயலில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் பிடிபடவில்லை. எழுதி முடித்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்னால் துறைமுகத்தில் உட்கார்ந்து அங்கிருப்பவர்களிடம் தமிழில் வாசித்துக் காட்டுவேன். தப்பென்று சொன்னால் திருத்துவேன். இது சத்தியம்.

நேற்று நேராக முதுநகர் போனேன். பழக்கதோஷம், போனை அட்டைக்கு நேரே நீட்டிவிட்டேன். ஆயா அட்டையைத் திருப்பி வைத்தார். “அதுல போட்டா அவன் கணக்குல உழும். அது எப்பிடி ஐஸ் காசாவும்?”

சரி என்று ஏடிஎம் தேடிப் போனால் ஐநூறாகத்தான் வந்தது. டீக்கடையில் இரண்டு டீ சொல்லிச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு நூறாகக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். மஞ்சள் ரப்பர் பேண்டைப் போட்டார்.

“டீ ஆறுது பாரு” என்றார்.